ரிக் வேதக் கவிஞருக்கும் தெய்வத்துக்கும் என்ன உறவு? ஐந்து வாசிப்புகளின் ஒப்பீடு

ரிக் வேதத்தை மொழிபெயர்ப்பில் படிக்கத் தொடங்குகிறவர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். ஏழாம் மண்டலத்தில் (நூலின் ஏழாம் பாகத்தில்) வசிஷ்டர், "நான் எப்போது வருணனுக்குள் இருப்பேன்?" என்று தனக்குள்ளே பேசிக்கொள்கிறார் (7.86.2). நான்காம் மண்டலத்தில் வாமதேவர், "என் இந்திரனைப் பத்துப் பசு கொடுத்து வாங்குகிறவர் யார்? பகைவரை அடித்து முடித்ததும் என்னிடமே திருப்பித் தந்துவிட வேண்டும்" என்கிறார் (4.24.10). எட்டாம் மண்டலத்துக் கவிஞர் ஒருவர் பேசுவது இதற்கு நேர்மாறு: "எவ்வளவு பெரிய விலைக்கும் உன்னைக் கொடுக்க மாட்டேன். நூறுக்கும் இல்லை, ஆயிரத்துக்கும் இல்லை, பத்தாயிரத்துக்கும் இல்லை" (8.1.5). மூன்றும் ஒரே தொகுப்பில் இருக்கின்றன. இங்கே தெய்வம் ஏங்கித் தேடும் துணையா, வாடகைக்கு விடும் வீரனா, விலை சொல்ல முடியாத சொத்தா?

இதற்கு விடையாக ஐந்து வாசிப்புகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பலமான ஆதரவு உண்டு. கையில் ஒரு சூக்தம் (துதிப்பாடல்) இருக்கும்போது எந்த வழியில் நுழைந்தால் என்ன கிடைக்கும், எதைக் கைவிட வேண்டிவரும் என்பதே இங்கே கேள்வி.

## எதை வைத்து எடை போடுவது

சொல். சூக்தத்தில் உள்ள சொற்களுக்கு, குறிப்பாக யார் யாரிடம் பேசுகிறார் என்பதற்கு, அந்த வாசிப்பு கணக்குச் சொல்ல வேண்டும்.

பரப்பு. ரிக் வேதத்தில் 10 மண்டலங்கள், 1028 சூக்தங்கள். 7.86.2 என்றால் ஏழாம் மண்டலம், 86-ஆம் சூக்தம், இரண்டாம் ரிக் (செய்யுள்). 2 முதல் 7 வரையிலான மண்டலங்கள் குடும்பத் தொகுப்புகள்: கிருத்சமதர், விசுவாமித்திரர், வாமதேவர், அத்ரி, பரத்வாஜர், வசிஷ்டர் என்று குடிக்கு ஒன்று. ஒரு குடும்பத்தின் சூக்தங்களுக்கு மட்டும் பொருந்துவதை நூல் முழுவதற்கும் விரிக்கக் கூடாது.

மூன்றாமவர். கவிஞர், தெய்வம் என்று இருவரை மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். வேள்விக்குப் பொருள் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். அவரை அந்த வாசிப்பு என்ன செய்கிறது? பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன என்பது என் கருத்து. அதனால் இந்த அளவுகோலுக்குக் கூடுதல் எடை கொடுக்கிறேன்.

விலை. அந்த வாசிப்பு நிற்க வேண்டுமென்றால் எந்த வரிகளைக் கண்டும் காணாமல் போக வேண்டியிருக்கும்?

எந்த வாசிப்பை எடுத்தாலும் உதவும் பழைய கருவிகள் இரண்டு. ரிக் வேதத்துக்கான பழைய அட்டவணை நூலான காத்யாயனரின் சர்வானுக்கிரமணி கவிஞரையும் தெய்வத்தையும் ஒரே மூச்சில் வரையறுக்கிறது: எவருடைய வாக்கோ அவர் ரிஷி, அந்த வாக்கால் சொல்லப்படுவது தேவதை. இதில் புனிதத் தகுதி பற்றி ஒரு சொல்லும் இல்லை. 3.33-இல் விசுவாமித்திரர் விபாசு, சுதுத்ரி என்ற இரு ஆறுகளோடு (இன்றைய பியாஸ், சட்லெஜ்) பேசுகிறார். ஆறுகளும் பதில் சொல்கின்றன. ஆறுகள் பேசும் ரிக்குகளில் ஆறுகளே ரிஷி, விசுவாமித்திரர் தேவதை! ரிஷி, தேவதை என்பவை பேச்சில் ஏற்கும் இடங்கள் என்று இதிலிருந்தே தெரிந்துவிடும்.

மற்றது வேதச் சொற்களை விளக்கும் யாஸ்கரின் நிருக்தம். அது ரிக்குகளை மூன்றாகப் பிரிக்கிறது: தெய்வத்தைப் படர்க்கையில் சொல்பவை, முன்னிலையில் அழைப்பவை, தெய்வமே தன்மையில் பேசுபவை. தன்மை, முன்னிலை, படர்க்கை என்று பள்ளியிலேயே படித்தவர்களுக்கு இது எளிது. ஒரு பென்சிலால் ஒவ்வொரு ரிக்கின் பக்கத்திலும் த, மு, ப என்று குறித்துக்கொண்டே போனால் பாதி வேலை முடிந்துவிடும்.

## 1. கண்டவர்: மந்திரம் முன்பே இருந்தது

மரபு வழியில் வருகிறவர்கள் முதலில் கேட்பது இதுதான். ரிஷி மந்திரத்தை இயற்றவில்லை, கண்டார். ரிஷி என்ற சொல்லே காண்பதிலிருந்து வந்தது என்று யாஸ்கரும் பதிவு செய்கிறார். வேதச் சடங்குகளை ஆராயும் தத்துவ மரபான பூர்வ மீமாம்சை இதை இன்னும் கடுமையாக்குகிறது: வேதம் எவராலும் செய்யப்படாதது, தெய்வமோ வேள்விச் செயலுக்கு அடங்கிய ஒரு சொல், அதற்கு உடல் இல்லை. வியப்பான விளைவு என்னவென்றால், இங்கே கவிஞரும் கரைந்துவிடுகிறார், தெய்வமும் கரைந்துவிடுகிறது. மிஞ்சுவது ஒலியும் செயலும்.

*எங்கே பொருந்தும்:* ஓதுதல், சுரம், பாடம் மாறாமல் காப்பது பற்றிய கேள்விகளுக்கு. ஓர் எழுத்தும் மாறாமல் இத்தனை தலைமுறை கைமாறியது எப்படி என்பதை இந்த நம்பிக்கை இல்லாமல் விளக்குவது கடினம்.

*மறைவான விலை:* முதல் சூக்தத்தின் இரண்டாம் ரிக்கே "முந்தைய ரிஷிகளாலும் புதிய ரிஷிகளாலும் போற்றத்தக்கவன்" என்று அக்கினியைச் சொல்கிறது. 1.62.13-இல் கோதமரின் மகன் நோதஸ் இந்திரனுக்காகப் "புதிய" துதியைச் செதுக்கினார் என்று பெயரோடு வருகிறது. இந்தப் பெயர்களையெல்லாம் வரலாற்று மனிதர்கள் அல்ல என்று விளக்கியாக வேண்டும். மீமாம்சை உரையாசிரியர் சபரர் தம் உரையில் பபர என்ற ஆள்பெயரைக் காற்றின் ஓசை என்று சொல்லித் தாண்டுவது இதனால்தான். உறவைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவருக்கு இந்த வழியில் கிடைப்பது குறைவு.

## 2. கொடுக்கல் வாங்கல்: வேள்வியில் ஓர் ஒப்பந்தம்

"எனக்குக் கொடு, உனக்குக் கொடுக்கிறேன்" என்று யஜுர் வேதம் பச்சையாகவே சொல்கிறது (வாஜசநேயி சம்ஹிதை 3.50). ரிக் வேதத்திலும் கணக்கு இதுதான். கவிஞர் துதியும் சோமமும் (வேள்வியில் பிழியும் செடிச் சாறு) தருகிறார். தெய்வம் மழை, பசு, மகன், வெற்றி தருகிறது. துதி வெறும் புகழ்ச்சி என்று நினைத்தால் தவறு, அது தெய்வத்துக்கு உணவு. இந்திரன் "துதியால் வளர்பவன்" (8.14.11). துதிப்பவர் இல்லாவிட்டால் இந்திரன் மெலிவான் என்ற எண்ணம் இதற்கு அடியில் இருக்கிறது.

மேலே சொன்ன மூன்றாமவர் வருவது இங்கேதான். பல சூக்தங்களின் கடைசி இரண்டு மூன்று ரிக்குகள் கொடையாளியைப் புகழும் தானஸ்துதி. கவிஞர் கக்ஷீவான் 100 பொற்காசுகள் பெற்றதைப் பதிவு செய்கிறார் (1.126.2), சுதாஸ் அரசன் 200 பசுக்கள் கொடுத்தான் (7.18.22), சேதி நாட்டுக் கசு 100 ஒட்டகங்களும் 10,000 பசுக்களும் கொடுத்தான் (8.5.37). மகவன், அதாவது வள்ளல், என்ற பட்டம் இந்திரனுக்கும் உண்டு, பணம் கொடுக்கும் தலைவனுக்கும் உண்டு. இந்திரனின் வள்ளல்தன்மையைக் கவிஞர் பாடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காதிலும் அது விழுகிறது.

புறநானூற்றோடு பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். பரிசில் தரத் தாமதிக்கும் தலைவனை நெருக்கும் பரிசில் கடாநிலைத் துறையை நினைத்துக்கொண்டு 8.14.1-ஐப் படித்துப் பாருங்கள்: "இந்திரா, உன்னைப் போல் செல்வத்துக்கெல்லாம் நான் ஒருவனே தலைவனாக இருந்தால், என்னைப் பாடுகிறவன் பசுக்களோடு இருப்பான்." அக்கினியிடம் இதே தொனி: "நான் நீயாகவும் நீ நானாகவும் இருந்தால், உன் வேண்டுதல்கள் பலித்திருக்கும்" (8.44.23). இதில் உள்ள உரிமைக் குரலை மொழிபெயர்ப்புகள் பணிவாக்கிவிடுகின்றன. வேறுபாடு ஒன்று உண்டு: புறப்பாட்டில் புரவலனே பாட்டின் தலைவன், ரிக் வேதத்தில் புகழ் தெய்வத்துக்குப் போகிறது, புரவலனுக்கு வால்பகுதிதான்.

போட்டியும் இந்த வழியில்தான் புரியும். கோயில் இல்லாத காலம் அது. தெய்வம் ஓர் ஊரில் நிலையாக இல்லை. தரையில் விரித்த புல்லின் மேல் வந்து உட்கார அழைக்கப்படும் விருந்தாளி. ஒரே நேரத்தில் பல இடங்களில் சோமம் பிழிந்தால் இந்திரன் எங்கே போவான்? பாசத்யும்னன் பிழிந்த சோமத்தை விட்டுவிட்டு இந்திரன் வசிஷ்டர்களைத் தேர்ந்தெடுத்தான் என்று 7.33.2 பெருமைப்படுகிறது. பத்துப் பசு விலை சொன்ன வாமதேவரின் வரியும் இந்தச் சூழலில் வைத்தால் திடுக்கிட வைக்காது: இந்திரனை வரவழைக்கும் திறமை என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் அமர்த்திக்கொள் என்பதே அதன் பொருள்.

*எங்கே பொருந்தும்:* இந்திரனுக்கு உரிய சுமார் 250 சூக்தங்களில் பெரும்பாலானவற்றுக்கு. 1028-இல் ஏறத்தாழ கால் பங்கு இது.

*மறைவான விலை:* இரண்டு. முதலாவது, எல்லாமே பேரம் என்று பார்க்கத் தொடங்கினால் விடியல் தேவதை உஷையைப் பாடும் சூக்தங்களில் கவிஞர் வியந்து நிற்கும் இடங்களைத் தாண்டிப் போய்விடுவோம். இரண்டாவது, வேள்விப் பயன்பாட்டைப் பின்னாளிலிருந்து எடுத்து முன்னால் ஏற்றிவிடுவது. 14-ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்தில் உரை எழுதிய சாயணர், எந்தச் சடங்கில் எந்தச் சூக்தம் என்ற குறிப்போடுதான் உரையைத் தொடங்குவார். அவர் இல்லாமல் பல சொற்கள் விளங்காது. ஆனாலும் 10.121-இல் "எந்தத் தெய்வத்துக்கு அவிசு (வேள்விப் படையல்) தருவோம்?" என்று ஒன்பது முறை திரும்பத் திரும்ப வரும் கேள்வியைப் பாருங்கள். "க" (யார்) என்பதே படைப்புக் கடவுளான பிரஜாபதியின் பெயர் என்று வேள்விகளை விளக்கும் பிராமணம் என்ற வகை நூல்கள் கொண்டன. உரையும் அதை ஏற்றது. ஒரு கேள்வி அங்கே பெயராகிவிட்டது. தேடிக்கொண்டிருந்த கவிஞர் காணாமல் போய்விட்டார்.

## 3. தச்சர்: துதி என்பது கைவேலை

"திறமையான கைவினைஞன் தேர் செய்வது போல் இந்தத் துதியைச் செதுக்கினேன்" என்ற வரி ஐந்தாம் மண்டலத்தில் இரண்டு இடங்களில் அப்படியே வருகிறது (5.2.11, 5.29.15). கோஷா என்ற பெண் கவிஞர் அசுவினி தேவர்களிடம், பிருகு குலத்தார் தேர் செய்வது போல் இதைச் செய்தோம், மணமகனுக்குப் பெண்ணை அலங்கரிப்பது போல் அலங்கரித்தோம் என்கிறார் (10.39.14). 10.71.2 இன்னும் வீட்டுக்கு அருகில் வருகிறது: மாவைச் சல்லடையில் சலிப்பது போல் அறிவுடையோர் மனத்தால் வாக்கைச் சலித்தார்கள்.

இந்த வாசிப்பில் கவிஞரும் தெய்வமும் ஒரே தொழிலில் இருப்பவர்கள். கவி என்ற சொல் அக்கினிக்கும் வருணனுக்கும் வழங்குகிறது. நன்றாகச் செய்த துதியின் நேர்த்தியை மதிக்கத் தெரிந்தவர் என்பதால்தான் தெய்வத்துக்கு அதைத் தருகிறார்கள்.

*எங்கே பொருந்தும்:* மூலத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு. யாப்பு, ஒலி, சிலேடை, பெயரை வைக்கும் இடம் ஆகியவற்றைக் கவனிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

*மறைவான விலை:* மொழிபெயர்ப்பு மட்டும் கையில் இருந்தால் இந்த வழியில் பாதி தூரம்கூடப் போக முடியாது. பதம் பிரித்த சமஸ்கிருதப் பாடமும் ஓர் அகராதியும் வேண்டும்.

## 4. தோழமை: நெஞ்சுக்கு நெஞ்சு

தமிழ் வாசகர்கள் இயல்பாகவே சாயும் வழி இது. காரணம் தெரிந்ததுதான்: தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் காதில் விழுந்து வளர்ந்திருக்கிறோம். தம்பிரான் தோழரான சுந்தரரை அறிந்தவருக்கு வசிஷ்டரின் குரல் அந்நியமாகப் படாது. "நம் நட்பெல்லாம் எங்கே போயின? ஆயிரம் வாயில் கொண்ட உன் வீட்டுக்கு வந்துபோனேனே" (7.88.5). அதே சூக்தத்தில் இருவரும் ஒரே படகில் ஏறி நடுக்கடலுக்குப் போன நினைவு வருகிறது. எட்டாம் மண்டலத்தில் ஒருவர் இந்திரனிடம், "என் தந்தையைவிட, கொடுக்காத சகோதரனைவிட நீ மேல்; நீயும் என் தாயும் எனக்கு ஒன்று" என்கிறார் (8.1.6). பத்தாயிரத்துக்கும் விற்க மாட்டேன் என்றாரே, அதற்கு அடுத்த ரிக் இது.

*எங்கே பொருந்தும்:* ஏழாம் மண்டலத்தின் வருண சூக்தங்கள் (7.86 முதல் 7.89 வரை), அக்கினியைத் தந்தை என்றும் விருந்தினர் என்றும் அழைக்கும் இடங்கள்.

*மறைவான விலை:* பிற்காலச் சொற்பொருள்கள் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும். சகா என்பது தோழன்தான், ஆனால் உடன்படிக்கை செய்துகொண்ட கூட்டாளி என்ற பொருளும் அதில் உண்டு. பஜ் என்ற வினையடி இங்கே பங்கிடுதல், பங்கு பெறுதல். பக்தி என்று நாம் சொல்லும் பொருள் அதற்கு இன்னும் வரவில்லை. 7.86.7-இல் வரும் தாசன் நாயன்மார் சொல்லும் அடியான் அல்ல. விலைக்கு உட்பட்ட வேலையாள். இவற்றைக் கவனிக்காமல் போனால் வேதத்தைப் படிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஏழாம் நூற்றாண்டுத் தமிழகத்தைப் படித்துக்கொண்டிருப்போம்.

## 5. உட்பொருள்: எல்லாம் மனத்துக்குள்

1910-இல் புதுச்சேரிக்கு வந்த அரவிந்தர், 1914 முதல் தம் இதழில் இந்த வாசிப்பை விரிவாக எழுதினார். பசு என்பது ஒளி, அக்கினி என்பது மனிதனுக்குள் இருக்கும் தெய்வ சங்கற்பம். கவிஞருக்கும் தெய்வத்துக்கும் உள்ள உறவு உள்ளுக்குள் நடக்கும் ஏற்றம். இது ஆதாரமற்ற கற்பனை அல்ல. கதிர்களுக்கெல்லாம் பசு என்ற பெயர் உண்டு என்று யாஸ்கரே சொல்லியிருக்கிறார். வாக்கு தேவதை, "நான் விரும்புகிறவனை ரிஷி ஆக்குகிறேன்" என்று தன்மையில் பேசும் 10.125 இந்த வழியில் நன்றாகத் திறக்கும்.

*மறைவான விலை:* கசு கொடுத்த 100 ஒட்டகங்கள். பசுவை ஒளியாக்கலாம், ஒட்டகத்தை என்ன செய்வது? "நான் மனுவாக இருந்தேன், சூரியனாகவும் இருந்தேன்" என்ற 4.26.1-உம் ஓர் எச்சரிக்கை. பிருகதாரண்யக உபநிடதம் இதை வாமதேவரின் மெய்யுணர்வாக எடுத்தாள்கிறது. அனுக்கிரமணி மரபோ, பேசுவது இந்திரனாகவும் இருக்கலாம் என்கிறது. பேசுபவர் யார் என்று முடிவு செய்யாமல் உட்பொருளுக்குப் போனால், தெய்வத்தின் தற்பெருமையை மனிதனின் ஞானமாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

## ஒரே பார்வையில்

| வாசிப்பு | கவிஞர் | தெய்வம் | கொடையாளி | தேவைப்படும் கருவி |
|---|---|---|---|---|
| கண்டவர் | மந்திரம் கடந்துவரும் வாய் | செயலுக்கு அடங்கிய சொல் | வேள்வியின் பயன் பெறுபவர் | ஓதும் மரபு, மீமாம்சை |
| கொடுக்கல் வாங்கல் | அழைத்து வருபவர் | விருந்தாளி, வள்ளல் | நடுவில் இருக்கிறார் | தானஸ்துதி, சாயணர் உரை |
| தச்சர் | கைவினைஞர் | நேர்த்தி அறிந்தவர் | விலை கொடுப்பவர் | மூலம், அகராதி, யாப்பு |
| தோழமை | நண்பர், மகன் | நண்பன், தந்தை | மறைந்துபோகிறார் | பழைய சொற்பொருளில் கவனம் |
| உட்பொருள் | சாதகர் | உள்ளிருக்கும் சக்தி | மறைந்துபோகிறார் | குறியீடுகளின் பட்டியல் |

## எதை எப்போது எடுப்பது

புதிதாகத் தொடங்குகிறவர் இரண்டாவதில் தொடங்குவதே நல்லது என்பேன். சூக்தத்தின் கடைசி ரிக்குகளை முதலில் படியுங்கள்; ஆள்பெயர், எண்ணிக்கை, பசு, குதிரை, தேர் இருந்தால் கொடையாளி அகப்பட்டுவிடுவார். பிறகு த, மு, ப குறியுங்கள். கொடையாளியும் இல்லை, கேட்கப்படும் பொருளும் இல்லை என்றால் அப்போது நான்காவது வழிக்குப் போகலாம். ஆறுகளோ வாக்கோ இந்திரனோ தாமே பேசினால் முதலில் பேசுபவரை முடிவு செய்துவிட்டு ஐந்தாவதைத் தொடுங்கள். மூன்றாவது வழியை, மூலம் கையில் இருக்கும்போதெல்லாம், மற்ற எதனோடும் சேர்த்துக்கொள்ளலாம்.

7.86-ஐ இப்படிப் படித்தால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். எட்டு ரிக்குகள். கடைசியில் கொடையாளி இல்லை. பசு கேட்கவில்லை, குதிரை கேட்கவில்லை. இரண்டாவது வழி இங்கே வெறும் கையோடு திரும்புகிறது. அப்படித் திரும்புவதாலேயே இந்தச் சூக்தம் எவ்வளவு அபூர்வமானது என்று தெரிகிறது.

இப்போது பென்சில் குறிகள். முதல் ரிக், ப: வானையும் மண்ணையும் பிரித்துத் தாங்கியவன் அவன். இரண்டாவது, மனத்துக்குள் பேச்சு. வருணன் இன்னும் படர்க்கையில்தான். "வருணா" என்ற விளி முதன்முதலாக மூன்றாவதில்தான் வருகிறது, அதுவும் குற்றத்தைக் கேட்கும் வாக்கியத்தில்: அந்தப் பிழை என்ன என்று கேட்கிறேன், கவிகள் எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள், வருணன் உன்மேல் கோபமாக இருக்கிறான் என்று. நான்காவது முழுக்க நேருக்கு நேர்: "உன்னைத் துதிப்பவனை, உன் தோழனைக் கொல்லத் துடிக்கிறாயே, அப்படி என்ன பெரிய பிழை?" விளியை விட்டுவிட்டு மொழிபெயர்க்கும்போது இந்தப் படியேற்றம் தொலைந்துவிடுகிறது.

ஐந்தாவதில் தச்சு வேலை. "மாடு திருடிய கள்வனைப் போல், கயிற்றிலிருந்து கன்றைப் போல் வசிஷ்டனை அவிழ்த்துவிடு." கன்றுக்கு வத்ஸம், ரிக்கின் கடைசிச் சொல் வஸிஷ்டம். ஒலியால் கன்றும் கவிஞரும் ஒன்றாகிறார்கள். கள்வன் குற்றவாளி, கன்று ஒரு பாவமும் அறியாதது. இரண்டு உவமையையும் ஒரே வினைக்குக் கட்டி, தான் எது என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார். ஆறாவது, காரணங்களின் பட்டியல்: கள், சினம், சூதாட்டக் காய், அறியாமை, இளையவன் பிழையில் மூத்தவனுக்கும் பங்கு உண்டு, தூக்கம்கூடப் பொய்யைத் தடுப்பதில்லை. வருணனின் தண்டனையாக மகோதர நோயை (வயிறு வீங்கும் நோய்) பின்னைய மரபு சொல்லும்; ஐதரேய பிராமணத்தில் அரிச்சந்திரனுக்கு வருவது அதுதான். அதை இங்கே கொண்டுவந்தால் சூக்தம் நோய் தீர்க்கும் மந்திரமாகும். தவறில்லை, ஆனால் ஆறாவது ரிக்கின் வழக்காடும் குரலுக்கு அது விளக்கம் தராது.

ஏழாவதில் குரல் தாழ்ந்து மறுபடியும் படர்க்கைக்குப் போகிறது: வேலையாளைப் போல் அந்த வள்ளலுக்கு ஊழியம் செய்வேன். எட்டாவதில் மீண்டும் "வருணா": இந்தத் துதி உன் நெஞ்சில் சாய்ந்திருக்கட்டும். உடனே கடைசி அடி, "யூயம் பாத ஸ்வஸ்திபிஹி ஸதா நஹ" (நீங்கள் எங்களை எப்போதும் நலத்தோடு காப்பீர்). நீ என்று இருந்த வருணன் நீங்கள் என்று எல்லாத் தேவர்களோடும் சேர்ந்துவிடுகிறான். நான் என்று இருந்த வசிஷ்டர் எங்கள் என்று குடும்பத்தோடு சேர்ந்துவிடுகிறார். ஏழாம் மண்டலத்தில் சூக்தத்துக்குச் சூக்தம் திரும்ப வரும் குடும்ப முத்திரை இந்த அடி. இந்திரனிடம் மாடு கேட்டு முடியும் சூக்தத்திலும் இதே அடிதான் வருகிறது.